பிடிவாதத்தை எப்படி எண்ணுவது?

சிறப்புப் பள்ளிகளின் முன்னேற்ற அறிக்கைகளில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: பிடிவாதம், கவனமின்மை, முரட்டுத்தனம், சொன்ன பேச்சைக் கேளாமை. ஒரு பிள்ளையைப் பற்றி இவற்றில் ஒன்றை எழுதிவிடுவது எளிது. சென்ற மாதம் இருந்த பிடிவாதம் இந்த மாதம் குறைந்திருக்கிறதா என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆசிரியர் குறைந்தது என்பார். தாய் அப்படியே இருக்கிறது என்பார். இருவரும் தாம் நம்புவதைத்தான் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியில்லை, ஏனென்றால் எதைப் பார்த்தோம் என்பதை இருவருமே சொல்லவில்லை.

ஏபிஏ என்று சுருக்கமாக வழங்கும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. கண்ணால் காணக்கூடியதாகவும் எண்ணவோ நேரம் குறிக்கவோ கூடியதாகவும் எழுதப்படாத எதையும் சிகிச்சையின் இலக்காக ஏற்காதே என்பது அந்த விடை. ‘பிடிவாதம்’ என்ற இடத்தில் ‘ஆசிரியர் மேசையில் வைத்த பயிற்சித் தாளைக் கையால் தள்ளுதல் அல்லது நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் படுத்தல்’ என்று எழுத வேண்டும். அப்போது ஒரு நாளுக்கு எத்தனை முறை என்று எண்ணலாம். பார்வைக்கு இது முடிந்த முடிவாகத் தோன்றும். ஆனால் ‘காணக்கூடியது’ எது, யார் கண்ணுக்கு, எந்த அளவுகோலில் என்பவை ஒரு நூற்றாண்டாக வாதிடப்பட்டு வருகின்றன. புனே போன்ற, பல மொழிகள் ஒரே சிகிச்சை அறைக்குள் வந்து சேரும் இந்திய நகரங்களில் அந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது.

கேள்வியின் வேர்

1913-இல் ஜான் வாட்சன், உளவியல் ஓர் அறிவியலாக வேண்டுமென்றால் அகநோக்கைக் கைவிட்டு நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்று வாதிட்டார். பிறர் சரிபார்க்க இயலாத மனநிலைகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது அவர் நிலைப்பாடு. 1927-இல் இயற்பியலாளர் பெர்சி பிரிட்ஜ்மன், ஒரு கருத்தின் பொருள் அதை அளக்கும் செயல்முறையிலேயே அடங்கியிருக்கிறது என்ற கொள்கையை முன்வைத்தார். நீளம் என்றால் என்ன என்பதற்கு விடை, நீளத்தை எப்படி அளக்கிறோம் என்பதுதான். 1930-களில் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் போன்றோர் இதை உளவியலுக்குள் கொண்டுவந்தார்கள். ‘செயல்முறை வரையறை’ என்ற வழக்கு இப்படித்தான் வேரூன்றியது.

பி. எஃப். ஸ்கின்னரை இந்த வரிசையில் அப்படியே கொண்டுபோய் நிறுத்திவிடுவது பாடநூல்கள் செய்யும் பிழை. செயல்முறைவாதம் குறித்து 1945-இல் நடந்த கருத்தரங்கில் அவர் அந்த வழியிலிருந்து விலகினார். இருவர் ஒத்துக்கொண்டால்தான் ஒன்று அறிவியலுக்குள் வரும் என்ற நிபந்தனையை அவர் ஏற்கவில்லை. பல்வலி ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்பதால் அது உலகின் பகுதியல்லாமல் போய்விடாது. அதுவும் நடத்தையின் களத்துக்குள் வருவதே என்றார். ஆக, எண்ணமும் வலியும் ஏபிஏ-வுக்கு அயலானவை என்ற பரவலான எண்ணம் அதன் தத்துவத்துக்குப் பொருந்தாது. அன்றாட நடைமுறைக்கே பொருந்தும். தத்துவத்தில் இடம் பெற்ற அகநிகழ்வு, தரவுத் தாளில் இடம் பெறவில்லை. இந்த முரண் இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

இந்தியாவிலோ, 1949-இல் தொடங்கிய புனே பல்கலைக்கழகத்தில் அடுத்த ஆண்டே, வி. கே. கோத்துர்க்கரின் தலைமையில், உளவியல் துறை அமைந்தது. ‘பரிசோதனை உளவியல்’ என்ற பெயரையே அது சூடிக்கொண்டது. தத்துவத் துறையின் கிளையாக உளவியல் கற்பிக்கப்பட்டுவந்த காலத்தில் அந்தப் பெயர் ஒரு நிலைப்பாட்டை அறிவித்தது: அளக்க முடிந்ததைக் கொண்டு பேசுவோம் என்பதே அது.

மூன்று நிபந்தனைகள்

1968-இல் நடத்தைப் பகுப்பாய்வுக்கென ஓர் ஆய்விதழ் தொடங்கியது. அதன் முதல் இதழில் பேயர், உல்ஃப், ரிஸ்லி ஆகிய மூவர் இந்தத் துறைக்கு ஏழு பண்புகளை வகுத்தார்கள். அவற்றில் ஒன்று, ஒருவர் என்ன சொல்கிறார் என்பதை விட என்ன செய்கிறார் என்பதை ஆராய்வது. அதே காலகட்டத்தில் ஆக்டன் லிண்ட்ஸ்லி ஆசிரியர்களுக்காக ஒரு சோதனையை உருவாக்கினார்: இறந்த மனிதனால் செய்ய முடிவது நடத்தை ஆகாது. ‘அமைதியாக உட்காருதல்’, ‘அடிக்காமல் இருத்தல்’ ஆகியவை இந்தச் சோதனையில் தோற்றுவிடும். கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும் இதற்குள் ஒரு பரிவு இருக்கிறது. பிள்ளை எதைச் செய்யக்கூடாது என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர்களை, எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுத வைத்தது அது.

1977-இல் ஹாக்கின்ஸும் டோப்ஸும் வகுத்த மூன்று நிபந்தனைகள் இன்றும் பயிற்சி நூல்களில் நிலைத்திருக்கின்றன. வரையறை புறவயமாக இருக்க வேண்டும். தெளிவாக இருக்க வேண்டும். எது சேரும், எது சேராது என்ற எல்லையோடு முழுமையாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம். இதை விளங்கிக்கொள்ள சிகிச்சை அறைக்கு வெளியே, புனேயின் சாலைகளில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது.

இரு சக்கர வாகனங்களின் நகரம் என்று பெயர்பெற்ற புனேயில் 2019 ஜனவரி முதல் நாள் காவல்துறை தலைக்கவச விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியபோது எதிர்ப்புப் போராட்டங்கள் எழுந்தன. கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டவர், பெட்ரோல் டாங்கின் மேல் வைத்தவர், தலையில் வைத்து வாரை மாட்டாதவர் ஆகியோரில் யார் ‘கவசம் அணிந்தவர்’? மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு இதற்கு விடை சொல்கிறது. வார் அல்லது வேறு பிணைப்பால் தலையோடு உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்கும் தருகிறது. சேர்வது எது, சேராதது எது என்ற இரண்டும் எழுதப்பட்ட ஒரு நல்ல வரையறை இது. சாலைச் சந்திப்பின் இரு முனைகளில் நிற்கும் இரு காவலர்கள் இதைக் கொண்டு ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைக்கு வர முடியும்.

ஆனால் ஏன் அணியவில்லை என்பதை இந்த எண்ணிக்கை சொல்லாது. அடுத்த பெரும் விவாதம் இங்கே பிறந்தது.

வடிவமா, பயனா

ஒரு செயலை அதன் தோற்றத்தால் வரையறுப்பது ஒரு வழி; அது சூழலில் எதைப் பெற்றுத் தருகிறது என்பதால் வரையறுப்பது இன்னொரு வழி. ஒரு பிள்ளை தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘திறந்த உள்ளங்கையோ மூடிய முட்டியோ தலையில் கேட்கும்படி படுதல்’ என்பது வடிவ வரையறை. இரண்டு பிள்ளைகளிடம் இந்த வடிவம் ஒன்றாகவே இருந்தும், ஒருவருக்கு அது கடினமான பாடத்திலிருந்து தப்பும் வழியாகவும் மற்றவருக்கு யாராவது அருகில் வர வைக்கும் வழியாகவும் இருக்கலாம்.

பிரையன் இவாட்டாவும் உடன் ஆய்வாளர்களும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதனையால் காட்டியது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரைத் தனிமை, விளையாட்டு, பாடச் சுமை, பிறர் கவனம் ஆகிய மாறுபட்ட சூழல்களில் வைத்துப் பார்த்தார்கள். ஆறு பேரிடம் அந்தச் செயல் ஒரு குறிப்பிட்ட சூழலோடு தொடர்ந்து இணைந்திருந்தது. அதன்பின் ‘எப்படித் தெரிகிறது’ என்பதை விட ‘எதற்குப் பயன்படுகிறது’ என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பயன் என்பது நேரே கண்ணில் படுவதன்று. பல நிகழ்வுகளிலிருந்து ஊகிக்கப்படுவது. காணக்கூடியதை மட்டும் கொள் என்று தொடங்கிய துறை, தன் சிறந்த கண்டுபிடிப்புக்கு ஊகத்தைச் சார்ந்து நிற்கிறது. 1959-இல் ஸ்கின்னரின் மொழி நூலை விமர்சித்த நோம் சோம்ஸ்கி, தூண்டல், துலங்கல் போன்ற சொற்கள் ஆய்வகத்தில் பெற்றிருந்த துல்லியத்தை வாழ்க்கைச் சூழலில் இழந்துவிடுகின்றன என்று குற்றம்சாட்டினார். அந்த விமர்சனத்தின் பல பகுதிகளுக்கு மறுமொழி வந்துவிட்டது. இந்தப் பகுதிக்கு வந்த மறுமொழிகள் முழு நிறைவு தருவதாகத் தெரியவில்லை.

மானிடவியலிலிருந்தும் ஓர் எதிர்ப்பு உண்டு. தத்துவவாதி கில்பர்ட் ரைலின் எடுத்துக்காட்டைக் கையாண்டு கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1973-இல் சொன்னது: கண் துடிப்பதும் கண் சிமிட்டிச் சைகை காட்டுவதும் கேமராவுக்கு ஒன்றே. பொருளை அறிய அந்தச் சமூகத்துக்குள் இருந்தாக வேண்டும். நமக்கு இது புதிதன்று. நம் நாட்டில் பக்கவாட்டில் தலையசைத்தால் அது ஆமாம், சரி, புரிகிறது, பார்க்கலாம் ஆகியவற்றில் எதுவாகவும் இருக்கலாம். ‘ஆம் என்பதற்குத் தலையை மேலும் கீழும் அசைத்தல்’ என்று அயல்நாட்டுக் கையேட்டில் உள்ள வரையறையை அப்படியே எடுத்தால், சரியாக விடை சொன்ன பிள்ளைக்கு இங்கே தவறு என்று குறி விழும்.

இருவர் ஒத்துப்போனால் போதுமா

வரையறை நன்றாக இருக்கிறதா என்பதற்கு ஏபிஏ வைத்திருக்கும் முதன்மைச் சோதனை, இரு உற்றுநோக்குநர்களின் பதிவுகள் எந்த அளவு ஒத்துப்போகின்றன என்பது. 80 விழுக்காடு ஒப்புமை இருந்தால் போதும் என்பது வழக்கம். இது வழக்கம்தான், எந்தத் தேற்றத்திலிருந்தும் வந்த எண்ணன்று. அரிதாக நிகழும் நடத்தைக்கு இந்த எண் ஏமாற்றும். நூறு இடைவெளிகளில் ஐந்தில் மட்டுமே ஒரு செயல் நிகழ்ந்திருந்தால், எதையும் கவனிக்காமல் ‘இல்லை, இல்லை’ என்று குறித்தவரும் 95 விழுக்காடு ஒப்புமை பெற்றுவிடுவார். தற்செயல் ஒப்புமையைக் கழித்துக் கணக்கிட 1960-இல் ஜேக்கப் கோஹன் தந்த ‘கப்பா’ போன்ற அளவைகள் இதற்காகவே உள்ளன. அன்றாடப் பணியில் அவை குறைவாகவே பயன்படுகின்றன.

பார்ப்பவரும் மாறுவார். ஜான் ரீட் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் பதிவு சரிபார்க்கப்படுவதாக அறிந்திருந்தபோது உற்றுநோக்குநர்களின் துல்லியம் உயர்ந்தும், சரிபார்ப்பு இல்லை என்று நம்பியபோது தாழ்ந்தும் இருந்தது. அளக்கும் முறையும் முடிவை மாற்றும். ஒரு நிமிட இடைவெளியில் ஒரு நொடி அழுதாலும் அந்த நிமிடம் முழுவதற்கும் குறியிடும் முறை, அழுகையின் கால அளவைக் கூட்டிக் காட்டும். இடைவெளி முழுவதும் நிகழ்ந்தால் மட்டுமே குறியிடும் முறை குறைத்துக் காட்டும். வரையறை ஒன்றே, பிள்ளையும் ஒன்றே. வரைபடம் மட்டும் வேறு. இதை அறியாத பெற்றோரிடம் வரைபடத்தைக் காட்டி ‘முன்னேற்றம்’ என்று சொல்வது நேர்மையாகாது.

நம் நாட்டுக் கருவிகள்

இந்திய விவாதத்தில் பெருமைப்படத்தக்க பங்கு சென்னைக்கு உண்டு. பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ 18 களங்களில், களத்துக்கு 20 வீதம், 360 உருப்படிகளைக் கொண்டது. 1983 பதிப்பே பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒருவருக்கு எவ்வளவு நுண்ணறிவு ஈவு என்று கேட்பதை விட்டு, உண்பது, உடுத்துவது, பணம் எண்ணுவது ஆகியவற்றில் இன்று எதைச் செய்கிறார், எதைச் செய்யவில்லை என்று கேட்டது அது. ஒவ்வொரு உருப்படியும் காணவும் அளக்கவும் கூடியதாக எழுதப்பட்டது. மதிப்பீடே பாடத்திட்டமாக மாறும்படி வடிவமைத்திருந்தார்கள். ஒரு பிள்ளைக்குத் தரப்படும் எண்ணைக் காட்டிலும் இது எவ்வளவோ கண்ணியமான அணுகுமுறை.

1992-இல் செகந்திராபாத்தில் இருந்த தேசிய மனவளர்ச்சிக் குறைபாடு நிறுவனத்திலிருந்து ரீட்டா பெஷாவரியாவும் எஸ். வெங்கடேசனும் ‘பேசிக்-எம்ஆர்’ அளவைகளை வெளியிட்டார்கள். முதல் பகுதியில் ஏழு களங்களில் 280 திறன்கள். இரண்டாம் பகுதியில் பத்துக் களங்களில் 75 சிக்கல் நடத்தைகள். திறன்களுக்கு மதிப்பெண் தரும் முறை கவனிக்கத்தக்கது. தானாகச் செய்வது, குறிப்புக் காட்டினால் செய்வது, வாயால் சொன்னால் செய்வது, கைபிடித்தால் செய்வது, முற்றிலும் சார்ந்திருப்பது என்று உதவியின் அளவே அளவுகோலாகிறது. எந்த ஆசிரியரும் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். சிக்கல் நடத்தைப் பகுதியிலோ ‘இல்லை, சில வேளை, அடிக்கடி’ என்ற மூன்று படிகள்தான். ‘அடிக்கடி’ என்பது அடுப்படியில் நிற்கும் தாய்க்கு ஒன்று, முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பின் ஆசிரியருக்கு வேறொன்று.

ஆட்டிசத்துக்கு அதே நிறுவனம் உருவாக்கிய இந்திய அளவை, ‘இசா’, இந்த முரணின் உச்சம். 40 உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 40 முதல் 200 வரை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2018 ஜனவரியில் வெளியான வழிகாட்டுதல் இந்த அளவையைச் சான்றிதழுக்கு அடிப்படையாக்கியது. புனேயின் சசூன் மருத்துவமனைக்கு ஒரு குடும்பம் சான்றிதழுக்காகச் செல்லும்போது அதன் உரிமைகள் இந்த எண்ணில் தொங்குகின்றன.

ஐந்து படிகளும் விழுக்காட்டால் விளக்கப்பட்டுள்ளன: 20 வரை அரிது, 21 முதல் 40 வரை சில வேளை, இப்படியே 81-க்கு மேல் எப்போதும். விழுக்காடு என்றதும் அளந்துவிட்டது போன்ற தோற்றம் வருகிறது. எதில் விழுக்காடு? எத்தனை மணி நேரத்தில், எந்த வாய்ப்புகளில்? ஒரு நாள் மருத்துவமனை அறையில் கண்டதும் பெற்றோர் நினைவிலிருந்து சொன்னதும் சேர்ந்தே இந்த மதிப்பெண் ஆகிறது. கண்ணோடு கண் பார்ப்பது குறைவு, ஒட்டாமல் தனித்திருப்பது, வெளிப்படையான காரணமின்றிக் கிளர்ச்சியடைவது என்ற வகை உருப்படிகள் ஹாக்கின்ஸ்–டோப்ஸ் நிபந்தனைகளைத் தாண்டுவது கடினம். கடைசியாகச் சொன்னது சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. காரணம் தெரியவில்லை என்பது பார்ப்பவரின் நிலை. அது பிள்ளையின் கணக்கில் எழுதப்படுகிறது. எந்த நடத்தைக்கும் சூழலில் காரணம் தேடு என்று இவாட்டாவின் மரபு சொல்வதற்கு இது நேர் எதிர்.

நியாயமாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இசா சான்றளிக்க உருவானது. சிகிச்சையின் வாராந்தர முன்னேற்றத்தை அளக்க உருவானதன்று. விலையுயர்ந்த அயல்நாட்டுக் கருவிகளையும் அவற்றுக்கான பயிற்சியையும் எதிர்பார்க்க முடியாத நாட்டில் அது பல குடும்பங்களுக்கு உரிமையைப் பெற்றுத் தந்திருக்கிறது. குறை, அதன் மதிப்பெண்ணைச் சிகிச்சையின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டும்போதே பெரிதாகிறது.

எந்த மொழியில் எண்ணுவது

புனேயில் ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் தேஹு ரோட்டிலும் நெடுங்காலமாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அப்படி ஒரு வீட்டுப் பிள்ளைக்குத் ‘தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்டல்’ இலக்காக எழுதப்படுகிறது எனக் கொள்வோம். சிகிச்சையாளர் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் அறிந்தவர். பிள்ளை ‘தண்ணி’ என்கிறது. வரையறையில் ‘பானீ’ அல்லது ‘வாட்டர்’ மட்டும் இருந்தால் அந்தச் சொல் வெறும் ஒலியாகக் கழிந்துவிடும். வாயைத் தொட்டுக் காட்டுவதும் குடத்தருகே அம்மாவின் கையைப் பிடித்து இழுப்பதும் அப்படியே. ஸ்கின்னரின் மொழிக் கோட்பாட்டின்படி கேட்டல் என்பது பயனால் வரையறுக்கப்படுவது. ஒலி எதுவானாலும் தண்ணீர் கிடைக்கச் செய்தால் அது கேட்டலே. கோட்பாடு சரியாகச் சொல்லியிருப்பதைத் தரவுத் தாள் தவறவிடக்கூடிய இடம் இது. கண் பார்ப்பதும் இத்தகையதே. பெரியவர்கள் பேசும்போது தலை தாழ்த்திக் கேட்கப் பழக்கப்பட்ட பிள்ளையிடம் மூன்று நொடி நேர்ப்பார்வையை எதிர்பார்ப்பது யாருடைய வழக்கத்தை அளக்கிறது?

இலக்கை யார் வகுப்பது

1978-இல் மாண்ட்ரோஸ் உல்ஃப், 1968 கட்டுரையின் மூவரில் ஒருவர், ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். இலக்கு முக்கியமானதா, வழிமுறை ஏற்கத்தக்கதா, விளைவு நிறைவு தருகிறதா என்று சம்பந்தப்பட்டவர்களையே கேட்க வேண்டும் என்றார். அகவயக் கருத்தைத் தரவாக ஏற்பது துறைக்குள் அன்று சிறிய துணிச்சலன்று. ஆனால் நீண்ட காலம் கேட்கப்பட்டவர்கள் பெற்றோரும் ஆசிரியரும்தான்.

1987-இல் இவார் லோவாஸ், தீவிரச் சிகிச்சை பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் ‘இயல்பான’ செயல்நிலையை எட்டியதாக அறிவித்தார். அதற்கான அளவுகோல்கள் நுண்ணறிவு ஈவும் வழக்கமான முதல் வகுப்பில் இடம் பெற்றதும். இரண்டும் அளக்கக்கூடியவை. ஆனால் பள்ளியில் இடம் கிடைப்பது பள்ளி நிர்வாகத்தின் நடத்தையும்கூட அல்லவா என்ற கேள்வி அன்றே எழுந்தது. 2004-இல் ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் மிஷெல் டாசன், ஏபிஏ-வின் அறநெறியையே கேள்விக்குள்ளாக்கினார். 2012-இல் டேமியன் மில்டன், புரிதலின்மை இரு தரப்பிலும் இருக்க, ஒரு தரப்பின் குறையாக மட்டும் அதை அளக்கிறோம் என்று வாதிட்டார். 2019-இல் ஸ்டீவன் கேப் குழுவினர் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் பேசியபோது, கை உதறலும் உடல் அசைவும் மனத்தை நிலைப்படுத்த உதவுவதாக அவர்கள் விளக்கினார்கள். கை உதறலைப் பிழையின்றி எண்ணிக் குறைத்த ஒரு திட்டம், பிள்ளையின் ஒரே ஆறுதலைக் குறைத்திருக்கக்கூடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை. ஸ்கின்னர் 1945-இல் திறந்துவைத்த அகநிகழ்வுக் கதவு வழியாகவே அதை அறிய முடியும்.

தீராதவை

எண்ணுவதைக் கைவிடு என்ற முடிவுக்கு இந்த எதிர்ப்புகள் எதுவும் இட்டுச் செல்லவில்லை என்றே தோன்றுகிறது. வரையறை இல்லாத இடத்தில் ‘பிடிவாதம்’ திரும்பி வந்துவிடும். அதை எதிர்த்துப் பேச எந்தப் பிள்ளைக்கும் வழியிராது. காணக்கூடியதை எழுது என்ற விதி பெரியவர்களின் எரிச்சலிலிருந்து பிள்ளையைக் காக்கும் விதி. அதன் வலு அதுதான்; எது இலக்காக வேண்டும் என்று சொல்லும் வலு அதற்குக் கிடையாது.

பேச்சில்லாத ஒருவரின் உடன்பாட்டை எந்தச் செயலால் வரையறுப்பது என்பதற்கு இசைவான விடை இன்னும் இல்லை. விலகிச் செல்வதையும் கையைத் தள்ளுவதையும் மறுப்பாக ஏற்றுப் பதிவுசெய்யும் முயற்சிகள் தொடங்கியிருக்கின்றன. அதே செயல்கள்தாம் பழைய தாள்களில் ‘ஒத்துழையாமை’ என்று குறைக்கப்பட வேண்டியவையாக இருந்தன. வேதனையை எப்படி வரையறுப்பது என்பதும் திறந்தே கிடக்கிறது.

மேற்பார்வைக் கேள்வியும் உண்டு. நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க வாரியம் 2023 முதல் இந்தியா உட்பட பெரும்பாலான நாடுகளிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. 1992 சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம் சிறப்பாசிரியர்களையும் மருத்துவ உளவியலாளர்களையும் பதிவுசெய்கிறது. நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற தனி வகை அதன் பட்டியலில் இல்லை. ஆகவே புனேயிலோ கோவையிலோ ஒரு மையத்தில் எழுதப்படும் வரையறையைப் பிறர் சரிபார்க்கும் கட்டாயம் மிகக் குறைவு.

அந்த இடைவெளி நிரம்பும்வரை சரிபார்க்க வேண்டியவர்கள் பெற்றோரே. சிகிச்சைத் திட்டத்தில் கையெழுத்திடும் முன், ஒவ்வொரு இலக்கின் வரையறையையும் வீட்டு மொழியில் எழுதித் தரக் கேளுங்கள். சேராதவை எவை, எந்த முறையில் எண்ணுவார்கள், பிள்ளை மறுத்தால் அது எந்தக் கட்டத்தில் குறிக்கப்படும் என்றும் கேளுங்கள். அதன்பின் ஒரு நாள் நீங்களும் சிகிச்சையாளரும் தனித்தனியே எண்ணி, இரு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.